இந்த வாரம் யாரு?

மார்ச் 10, ஞாயிறு

ஐந்து மணிக்கு வரவேண்டியவன் ஐந்தே காலுக்கு வந்தேன். வளர்மதி தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் அந்தக் கால்மணி நேரம் முழுவதும் எழுதியிருந்தது.

"மாவு நாளைக்கழிச்சு வரைக்கும் வரும். நல்ல தண்ணி நாளைக்கு விடுவாங்களாம். சம்யுவுக்கு வெள்ளிக்கெழம கணக்கு டெஸ்ட்டு" என்றாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாரம் ஒருமுறை, இந்தக் கேட்டருகில்.

விவாகரத்தின்போது கோர்ட்டில் ஆலோசனை சொல்ல வந்த அம்மையார் கொடுத்த யோசனை இது. பிள்ளையை இரண்டு வீட்டுக்கும் அலைக்கழிக்காதீர்கள், பிள்ளை ஒரே வீட்டில் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் அலையுங்கள் என்றார். அதன்படி சம்யுக்தா கணபதி ஏரியாவில் இந்த வாடகை வீட்டிலேயே இருக்கிறாள். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள் அம்மா. என் வாரம் இல்லாதபோது எனக்குக் காந்திபுரத்தில் ஒரு மேன்ஷன் அறை. வளர்மதிக்குச் சிங்காநல்லூரில் அவள் தம்பி வீடு.

இன்றைக்கு அவள் உடனே போகவில்லை. கேட்டின் கொண்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

"ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்புல வேல கெடச்சிருக்குங்க. ஜூன்ல சேரோணும். சம்யுவக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். நீங்க சம்மதிச்சாத்தான் முடியும். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து பார்த்தால் உப்பு ஜாடி மறுபடியும் அடுப்புக்கு இடதுபுறம் போயிருக்கிறது. நான் வலதுபுறம் வைப்பேன். அடுத்த வாரம் அவள் இடதுபுறம் வைப்பாள். இரண்டு வருடமாக நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த ஜாடி வழியாகத்தான். வலதுபுறம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

மார்ச் 11, திங்கள்

யோசிக்க என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லப் போகிறேன். நல்ல தண்ணி வரவில்லை.

மார்ச் 13, புதன்

எட்டு மணிக்கு வேன். ஏழே முக்காலுக்குப் பின்னல் போட்டாக வேண்டும். இப்போதெல்லாம் கோணாமல் வருகிறது. பம்ப் கம்பெனியில் நாளெல்லாம் வரைபடத்துக்குக் கோடு போடுகிறவனுக்கு ஒரு வகிடு நேராக எடுக்க ஒன்றரை வருடம் பிடித்திருக்கிறது.

இவளைப்போல ஒரு பிள்ளை யாருக்கும் வாய்க்காது. இட்லியா தோசையா என்றால் "உங்க இஷ்டங்ப்பா." டிவியை அணை என்றால் "சரிங்ப்பா." எதற்கும் அடம் கிடையாது. மூன்று வயதில் இவள் போட்ட ஆட்டத்துக்கு அளவே இல்லை. காரமடைத் தேர் அன்று பலூன்காரர் முன்னால் நடுரோட்டில் மல்லாக்கப் படுத்துவிட்டாள். நான் கையைப் பிடிக்க, வளர்மதி காலைப் பிடிக்க, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல பஸ் நிறுத்தம்வரை தூக்கிவந்தோம். வளர்மதிக்குச் சிரிப்பு தாங்காமல் வழியில் இரண்டு தடவை கீழே இறக்கிவைத்தோம். அந்தப் பிள்ளையா இது! ஏழாம் வகுப்பிலேயே இத்தனை பக்குவம். வளர்ப்பு அப்படி.

சாப்பிடும்போது பேச்சுக்கொடுத்தேன். "ஓசூர்ல ரொம்பக் குளிருமாமா, சாமி."

"அப்பிடிங்களா?"

"பாதிப் பேர் கன்னடம் பேசுவாங்களாமா. உனக்குப் போகோணும்னு இருக்கா?"

"நீங்களும் அம்மாவும் சொல்றதுதாங்ப்பா."

இது எனக்குச் சாதகமான பதில் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

காலையிலிருந்து சம்யுவுக்குக் காய்ச்சல். மதியம் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றிலும் முதுகிலும் நீர்கோத்த கொப்புளங்கள். பயந்துபோய் மாடியில் இருக்கும் வீட்டுக்கார மரகதம் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்காங்க. இனி மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் அடுப்புல தாளிக்கற பொகை ஆகாது. செருப்பு உள்ள வரப்படாது. வூட்டுல இருக்கறவிய வெளிய போயித் தங்கப்படாது. வெளிய இருந்து வந்தவிய திரும்பிப் போகப்படாது. தெரிஞ்சுக்கங்க."

டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், சின்னம்மை என்று மாத்திரை எழுதிக்கொடுத்து. பரவும், பிறரிடமிருந்து தள்ளி வையுங்கள் என்றார். தாளிப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு வளர்மதி வந்தாள். வாசலில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் செருப்பைத் தெருவிலேயே கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். அவள் வாரம் ஆரம்பித்துவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு நின்றேன். எங்கே போவது? மேன்ஷனில் ஒரு தளத்துக்கு இருபது பேர். போன் செய்தால் மேனேஜர் "தண்ணி ஊத்துனதுக்கப்புறம் வாங்க சார்" என்று வைத்துவிட்டார். அவளும் தம்பி வீட்டுக்குத் திரும்ப முடியாது. தம்பி மனைவி முழுகாமல் இருக்கிறாள்.

ஆக, இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரே கூரையின்கீழ் மூன்று பேர்.

"உங்களுக்குச் சின்ன வயசுல போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். "போடலீன்னா நீங்க இங்க இருக்கறது ஆகாது. எங்கியாச்சும் ரூம் பாத்துட்டுப் போயிருங்க."

போட்டிருக்கிறது என்றேன். போட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயது விஷயமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

மார்ச் 19, செவ்வாய்

யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் வேலைகள் தாமாகவே பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. விடியற்காலை குழாயில் காற்று வரும் சத்தம் கேட்டு நான் எழுந்து குடங்களை வைக்கிறேன். அவள் வாசல் தெளிக்கிறாள். நான் வேப்பிலை பறித்துவருகிறேன், அவள் அரைக்கிறாள். நான் துணியை அலசிப் பிழிந்து நீட்ட, அவள் கை வந்து வாங்கிக்கொள்கிறது.

முன்பு சம்யு கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் இருந்தோம். குளிக்கவைப்பது நான், துவட்டுவது அவள். பால் ஆற்றுவது நான், புகட்டுவது அவள். இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டு, தூக்கமில்லாமல், கண்ணெல்லாம் சிவந்து, எப்போது இந்தக் காலம் முடியும் என்று புலம்பிக்கொண்டிருந்தோம். முடிந்துவிட்டது. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து ஏங்குகிறேன்.

இன்று ஒன்றைக் கவனித்தேன். சம்யுவுக்குத் தாகம் எடுத்தது. வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இந்த வாரம் யாரு?" என்று கேட்டாள். வளர்மதி தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 20, புதன்

கையிலும் மார்பிலும் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்று பெரிய சண்டை. கம்பங்கூழால் வந்தது.

நான் மோர் ஊற்றி உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தேன். வளர்மதி வெல்லத்தைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அவளுக்கு உப்புப் போட்டாத்தான் எறங்கும்" என்றேன்.

"யாருங்க சொன்னா? என்ற வாரத்துல வெல்லம் போட்டு ரெண்டு டம்ளர் குடிப்பா."

"என் வாரத்துல உப்பு போட்டு ரெண்டு டம்ளர் குடிக்கறா. ரெண்டு வருசமாக் கரைச்சுக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"பெத்தவளுக்குத் தெரியாததா?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரோடு போய்ப் பிள்ளை முன்னால் நின்றோம். நியாயம் கேட்கப் போனவர்கள்போல. சம்யு இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். காய்ச்சல் முகம் சுருங்கியது. திடீரென்று ஓ என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குக் கூழே புடிக்காதுங்! எப்பவுமே புடிக்காது!"

வளர்மதி டம்ளரைக் கீழே வைத்தாள். நான் வைக்க இடம் தெரியாமல் என் கூழை நானே குடித்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

மாற்றிக்கொள்ளும் நாள். ஐந்து மணி அடித்தது. நான் ஹாலில் உட்கார்ந்து வேப்பிலையை உருவிக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களையில் இருந்தாள். யாரும் பையை எடுக்கவில்லை.

சம்யு தூங்கியதும் வளர்மதி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "கையக் காட்டுங்க" என்றாள். முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"உங்களுக்குப் போட்டதே இல்லைன்னு தெரியும். வந்த அன்னிக்கே உங்க அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

பிடிபட்ட திருடன்போல உட்கார்ந்திருந்தேன். "தெரிஞ்சதுக்கப்புறம் ஏன் என்னையப் போகச் சொல்லலே?"

"சொல்லியிருந்தாப் போயிருப்பீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவளும் வேப்பிலை உருவ ஆரம்பித்தாள். இரண்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததில்லை.

மார்ச் 26, செவ்வாய்

முதல் தண்ணி ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை நான் மொள்ள, அவள் ஊற்றினாள். மரகதம் அக்கா மாடிப்படியிலிருந்து மேற்பார்வை.

குளித்ததும் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. தலை துவட்டவிடமாட்டேன் என்றாள். இளநீர் வேண்டும் என்றாள், வாங்கிவந்தால் வழுக்கையாக இல்லை என்று தள்ளிவிட்டாள். சொறியாதே என்றால் முறைத்தாள். பாயில் படுத்துக்கொண்டு காலால் தரையை உதைத்தாள். நான் கவலைப்பட்டு, டாக்டரிடம் கேட்கலாமா, நோய் தலைக்கு ஏறிவிட்டதா என்றேன்.

வளர்மதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இவ அடம் புடிச்சு எத்தன நாளாச்சுன்னு நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். நான் பக்குவம் பக்குவம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒரு வாரம் பையத் தூக்கிட்டு வந்தீங்க, நான் ஒரு வாரம் வந்தேன். நாமதானுங்க விருந்துக்கு வர்ற ஒறம்பரை மாதிரி வந்து போயிட்டிருந்தோம். வர்ற ஒறம்பரையோட மனசு கோணாம பாத்துக்கிட்டது இந்தப் புள்ள. நமக்கு என்ன புடிக்குமோ அதத் தின்னுக்கிட்டு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பாயில் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தாள் சம்யு. நான் போய் வழுக்கை இளநீராகப் பார்த்து வாங்கிவந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

இரண்டாம் தண்ணி. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டன.

வளர்மதி மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், சம்யு என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிப் படுத்து! முடியைக் கோதிக்கொண்டே, "ஏன் சாமி, கூழு புடிக்காதுன்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா அடம்னு சொல்லுவீங்க."

"சொன்னாத்தான் என்ன?"

அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பொருட்காட்சிக்குப் போகோணும்னு நான் அடம் புடிச்சேன்லங்ப்பா. அன்னிக்குத்தான நீங்களும் அம்மாவும் கத்திக்கிட்டீங்க. அடுத்த நாளு நீங்க வூட்ட வுட்டுப் போயிட்டீங்க."

எங்கள் கடைசிச் சண்டை எதற்காக என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், நினைவில்லை என்று சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே நினைவில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த கோபம் ஏதோ ஒரு சாக்கில் வெளியே வந்தது. இவள் அந்தச் சாக்கை எடுத்து இத்தனை நாள் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அதுனால இல்ல சாமி. சத்தியமா அதுனால இல்ல" என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. வளர்மதி திரும்பிவந்ததும் அவளையும் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன். அவளும் சொன்னாள். சம்யு தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது.

மார்ச் 31, ஞாயிறு

மூன்றாம் தண்ணி. மாரியம்மனுக்குத் துள்ளுமாவு இடித்துப் படைத்து, வேப்பிலைக் கொத்தை எடுத்தாயிற்று.

மாதக் கடைசி. நான் பதில் சொல்ல வேண்டிய நாள். முடியாது என்ற பதில் மூன்று வாரமாகத் தயாராக இருக்கிறது. என் சம்மதம் இல்லாமல் இவளை எங்கும் கொண்டுபோக முடியாது. சட்டம் என் பக்கம். இவள் இல்லாமல் எனக்கு ஒரு வாரம் என்று இருக்காது. காலையில் யாருக்குப் பின்னல் போடுவேன்?

சம்யு வெயிலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஓசூர் விசயம். எனக்கு என்ன புடிக்கும், அம்மாவுக்கு என்ன புடிக்கும், ரெண்டையும் தள்ளி வெச்சிரு. உனக்கு என்ன வேணும்? அப்பா கோவிச்சுக்க மாட்டேன், அழமாட்டேன்."

ஈர முடியை முன்னால் இழுத்துப்போட்டு முகத்தை மறைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து பதில் வந்தது.

"நான் அம்மாகூடப் போறேங்ப்பா."

கேட்டது நான்தான்.

"இந்த வூடு வேண்டாங்ப்பா. ஞாயித்துக்கெழம ஆனா எனக்கு வவுறு வலிக்கும். அஞ்சு மணி ஆனா யாராச்சும் ஒருத்தர் போயிர்றீங்க." உடனே அவசரமாக, "உங்களையும் புடிக்குமுங்ப்பா" என்றாள்.

"அதையெல்லாம் நீ சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றேன்.

உள்ளே போய் வளர்மதியிடம் கூட்டிட்டுப் போ என்றேன். அவள் கடுகு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மூன்றாம் தண்ணி ஆகிவிட்டதால் இனித் தாளிக்கலாம். எண்ணெயில் கடுகைப் போட்டாள். படபடவென்று வெடித்தது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்ந்து எழுந்த வாசனை, கல்யாணமான புதிதில் ஒண்டிக்குடித்தனத்தில் இருந்தபோது தெருமுனையிலேயே என்னைப் பிடித்து இழுத்த அதே வாசனை. மூன்று பேரும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். சம்யு மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அழமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எழுதிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 1, திங்கள்

கையில் ஒன்றும் இல்லை. மேன்ஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

இரண்டாம் சனிக்கிழமை தோறும் சம்யு என்னிடம் வருவதாக ஏற்பாடு. போன மாதம் பள்ளிக்கூடம் மாறிய அலைச்சலில் வர முடியவில்லை. நாளைக்குத்தான் முதல் தடவை. மேன்ஷனில் பெண்பிள்ளையைத் தங்கவைக்க முடியாது என்று ரத்தினபுரியில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். அவளுக்கென்று கட்டில், மெத்தை, மஞ்சள் போர்வை எல்லாம் இந்த வாரம்தான் வாங்கினேன். சாயங்காலம் போர்வையை நான்கு தடவை விரித்து மடித்தாகிவிட்டது.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, நான் நாளைக்கு வரலீங்."

"ஏஞ்சாமி, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். சாயங்காலம் எங்க தெருவுல ஷட்டில் மேட்ச்சு. நானும் ஆடறேன்."

"அடுத்த வாரம் ஆடிக்கலாமில்ல? அப்பா உனக்குக் கட்டிலெல்லாம் வாங்கி வெச்சிருக்கேன்."

"முடியாதுங்ப்பா."

"மேட்ச்ச முடிச்சுட்டு ராத்திரி பஸ்ஸுக்கு வந்தாக்கூட..."

"முடியாதுன்னா முடியாது! எப்பப் பாத்தாலும் நீங்க சொல்றதுதானா?"

வைத்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தது, வருத்தமாக இருந்தது, இதெல்லாம் வளர்மதி கொடுக்கும் இடம் என்றுகூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வளர்மதியே கூப்பிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கியும் இப்பிடித்தான். சொல்ற பேச்சு ஒண்ணு கேக்கறதில்ல. நேத்து அலமாரியத் தொடச்சு வைன்னு சொன்னதுக்குக் கதவ அறஞ்சு சாத்திட்டுப் போறா."

"கதவ அறஞ்சு சாத்தறாளா?"

"வூடே அதிருதுங்க."

அவள் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கும் வந்துவிட்டது. காரமடையில் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு. இரண்டு பேரும் இரண்டு ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சம்யுவே கூப்பிட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"மேட்ச்சு பாக்கோணும்னா நீங்க வேண்ணா வாங்க. ஆனா எல்லாரு முன்னாடியும் என்ற பேரச் சொல்லிக் கத்தப்படாது. எனக்கு மானம் போயிரும்."

விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். கத்தத்தான் போகிறேன்.